பிளாஸ்டிக் பிரிக்காத ஊஞ்சல்

அண்ணே, ஒரு சின்ன உதவி. அந்த ஜன்னல் சீட்ட எனக்குக் கொஞ்ச நேரம் தர முடியுமா? பைபாஸ் திரும்புற வரைக்கும்தான். அது தாண்டிட்டா ஜன்னலும் ஒங்களுது, காத்தும் ஒங்களுது, நான் இந்தப் பக்கம் உக்காந்து தூங்கிருவேன். மூணு மாசமா இந்தப் பஸ்ஸுலதான் போறேன், கண்டக்டரக் கேளுங்க. தெனமும் யார்கிட்டயாவது இந்த சீட்டக் கேட்டு வாங்கித்தான் போறது. ரெண்டு மூணு பேரு மூஞ்சியத் திருப்பியிருக்காக. நீங்க அந்த மாதிரி ஆளாத் தெரியல.

நல்லா இருப்பீங்க. வண்டி எடுக்க இன்னும் இருபது நிமிசம் ஆகும். டிரைவரு டீக்கடையில பேப்பர் படிக்கிறாரு பாருங்க, ராசிபலன் முடிஞ்சாத்தான் வருவாரு.

எதுக்கு ஜன்னல்னு நீங்க கேக்கல. ஆனா மனசுல கேட்டீங்க. சொல்றேன்.

எம் பேரு சவுந்தரபாண்டி. இதே கூத்தன்கரை பேரூராட்சி ஆபீசுல இருபத்தாறு வருசம் வேல பாத்தவன். இப்ப ரெண்டு மணி நேரம் பஸ்ஸுல போற ஊருக்கு என்னைய மாத்திட்டாக. என்ன தப்புப் பண்ணினேன்னு கேளுங்க. அரசாங்கச் சொத்த அழுக்குப் படாம வெச்சிருந்தேன். அதுதான் தப்பு. அரசாங்கத்து நாற்காலியத் தூக்கிட்டுப் போயி வீட்டு வாசல்ல போட்டு உக்காந்திருக்கிறவன எனக்குத் தெரியும், அவன் நல்லாத்தான் இருக்கான். நான் ஒரு திருகாணியத் தொட்டதில்ல. அடுத்தவனத் தொட விட்டதும் இல்ல. என்னையத்தான் சட்டமன்றம் வரைக்கும் கொண்டு போயி வெச்சாக.

பைபாஸ் ஓரத்துல மந்தைப் பொறம்போக்குன்னு ஒரு எடம் கெடந்துச்சு. ஆடு மேயும், வத்தல் காயப் போடுவாக, சாயங்காலமானா பொம்பளைக நாலஞ்சு பேரு ஊர்க்கத பேசிக்கிட்டே சுத்தி நடப்பாக. அதுல எம் வீட்டுக்காரியும் ஒருத்தி. தனபாக்கியம்னு பேரு. அவளுக்குச் சர்க்கர இருக்கு. தெனமும் முக்கா மணி நேரம் நடந்தே ஆகணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. நடக்கலைன்னா ஊசின்னு வேற பயமுறுத்தி வெச்சிருக்காரு. அவளுக்கு ஊசின்னா உசுரு போயிரும்.

அந்த எடத்துல ஒரு பூங்கா வேணும்னு சட்டமன்றத்துல யாரோ கேட்டிருக்காக. அமைச்சரு எந்திரிச்சு, பூங்கா கட்டி மக்கள் பயன்பாட்டுக்கு விடப்படும்னு சொல்லிட்டாரு. சொன்னா சொன்னதோட போச்சுன்னு நெனைக்காதீங்க. அமைச்சர் வாயத் தொறந்து செய்யுறோம்னு சொன்னத எழுதி வெச்சுக்கிட்டு, பின்னாலேயே தொரத்துறதுக்குன்னு அங்க ஒரு குழு இருக்கு. உறுதிமொழிக் குழுன்னு பேரு. எல்லாக் கட்சி எம்.எல்.ஏ.வும் அதுல இருப்பாக. ஊரு ஊரா வந்து, சொன்னது நடந்துச்சான்னு கண்ணால பாப்பாக. நடந்திருந்தா 'நிறைவேற்றப்பட்டது'ன்னு எழுதிக்கிருவாக. இல்லைன்னா 'நிலுவை'. கல்யாண வீட்டுல, சொன்ன சீரெல்லாம் வந்து எறங்கிருச்சான்னு பாக்குறதுக்கே ஒரு பெரியம்மா வரும் பாருங்க, அதே வேலதான்.

பூங்காவ நல்லாத்தான் கட்டினாக, குத்தஞ் சொல்ல மாட்டேன். சுத்திக் காம்பவுண்டு சொவரு, இரும்புக் கேட்டு, நடக்குறதுக்குக் கல்லு பதிச்ச பாத, பெஞ்சு, சறுக்கு, உடற்பயிற்சி மிசினு, ரெண்டு ஊஞ்சல். எல்லாம் பிளாஸ்டிக் சுத்தி வந்து எறங்குச்சு. பாக்கக் கண்ணு கூசும். அங்கிட்டு மெட்ராஸ்ல இருந்தே காணொளியில பட்டன அமுக்கினாக, இங்கிட்டு நான் கயித்த இழுத்தேன், கல்வெட்டுல தெர வெலகுச்சு. தெறப்பு விழா முடிஞ்சுருச்சு. அன்னைக்குச் சாயங்காலம் எங்க ஈ.ஓ. தில்லைநாயகம் சாரு, அதான் செயல் அலுவலர், என்னையக் கூப்பிட்டு சாவியக் கையில குடுத்தாரு. குழு எப்ப வேணும்னாலும் வரும் சவுந்தரபாண்டி, அதுவரைக்கும் பூங்கா புதுசா இருக்கணும்னு சொன்னாரு. வேற ஒரு வார்த்த சொல்லல.

அவரு ஒரு வாரத்த மனசுல வெச்சுச் சொல்லியிருக்காரு போல. நான் மூணு வருசம் வெச்சிருந்தேன்.

சிரிக்காதீங்க. நீங்களே சொல்லுங்க, ஒரு சாமானு புதுசா இருக்கணும்னா என்ன செய்யணும்? பயன்படுத்தக் கூடாது. எங்க வீட்டுல சோபா வாங்கி ஒம்போது வருசமாச்சு, வந்த அன்னைக்குப் போட்டிருந்த கவரு இந்த ஆவணி வரைக்கும் அப்படியே இருந்துச்சு. வெயில் காலத்துல உக்காந்தா முதுகுல ஒட்டிக்கிட்டுப் பிய்க்கும், அதனால நாங்க தரையில உக்காந்து சோபாவுல சாஞ்சுக்குவோம். வண்டி சீட்டு, ரிமோட்டு, பிரிட்ஜ் கைப்பிடி, எல்லாத்துக்கும் கவர் உண்டு. என்னைய மாதிரி ஆளுகிட்டப் பூங்காவக் குடுத்தது அரசாங்கத்தோட அதிர்ஷ்டம்னு நெனச்சேன்.

சாவிய வீட்டுல சாமி படத்துக்குப் பக்கத்துல ஆணியடிச்சு மாட்டினேன். காலையில எந்திரிச்சு விபூதி பூசுறப்ப அதுக்கும் ஒரு கோடு இழுத்துவிடுவேன். எனக்கே தெரியாம அப்படிப் பழகிப் போச்சு.

குழு வருது குழு வருதுன்னு அஞ்சு தடவ சேதி வந்துச்சு. ஒவ்வொரு தடவயும் ரோட்டு ரெண்டு பக்கமும் பிளீச்சிங் பவுடரு கோடு போட்டேன், காம்பவுண்டுக்கு வெள்ள அடிச்சேன். ஒரு தடவ குழுத் தலைவருக்கு உடம்பு சரியில்ல, ஒரு தடவ எலெக்சன், ஒரு தடவ பக்கத்து மாவட்டத்தோட திரும்பிட்டாக. மழ பெஞ்சு கோடு அழிஞ்சு போகும். நான் மறுபடியும் போடுவேன். என்னையக் கேட்டா, அந்த மூணு வருசம் எனக்கு ஒரு நாள் கூட வீணாப் போகல.

ஊர்க்காரங்க சும்மா இருப்பாங்களா? கேட்டு முன்னால வந்து நிப்பாங்க. வரி கட்டுறோம், எங்க எடம், தொறந்து விடுய்யாம்பாங்க. பொறுங்க, குழு வந்துட்டுப் போகட்டும்னு சொல்லுவேன். பேசிப் பேசி அந்த வார்த்த எனக்கே மனப்பாடம் ஆயிருச்சு. தூக்கத்துல கூடச் சொன்னேனாம், தனபாக்கியம் சொல்லுவா.

அவதான் ரொம்பக் கேட்டவ. அவளுக்கு நடக்க எடம் இல்ல. மந்த சும்மா கெடந்தப்ப நடந்தேன், பூங்கா வந்ததும் நடக்க எடமில்லாமப் போச்சும்பா. அது அவ சொல்றது, நான் சொல்லல. காலங்காத்தால ஒரு அர மணி நேரம் மட்டும் தொறந்து விடுங்க, யாருக்கும் தெரியாது, செருப்பக் கழட்டிட்டு நடக்குறேன்னு கேட்டா. எம் பொண்டாட்டிக்குன்னு தொறந்தா நாளைக்கு ஊரு என்ன பேசும்? முடியாதுன்னுட்டேன். அவ பைபாஸ் ஓரமா நடக்க ஆரம்பிச்சா.

ஒருநா காலையில ஒரு மணல் லாரி உரசிட்டுப் போயிருச்சு. பெருசா ஒன்னும் இல்ல. முழங்கை செராய்ப்பு, சேல கிழிசல். ஆனா யாரோ வந்து சொன்னதும் குடிச்ச காப்பிய அப்படியே வெச்சுட்டேன் அண்ணே. சட்ட போடாம ஓடினேன். பூங்காச் சொவத்துல சாஞ்சு உக்காந்திருந்தா. சொவத்துக்கு இங்கிட்டு அவ, அங்கிட்டு கல்லு பதிச்ச பாத. கையப் புடிச்சுத் தூக்கிவிட்டு, நல்லா ஓரமா நடக்கணும்ல தனபாக்கியம்னு சொன்னேன். அவ என்னைய ஒரு பார்வ பாத்தா. அதுக்கப்பறம் பூங்காவப் பத்தி எங்கிட்டக் கேக்குறதையே விட்டுட்டா. பரவாயில்ல, புரிஞ்சுக்கிட்டாளேன்னு நெனச்சேன்.

ஆவணி மாசம் ஆறாவது தடவயா சேதி வந்துச்சு. இந்தத் தடவ நெசமாவே வந்துட்டாக.

அதுக்கு மொத நா ஈ.ஓ. சாரு வந்து பாத்தாரு. மொகத்துல ஈயாடல. என்னய்யா இது, கடையில இருக்குற மாதிரியே இருக்கு, அந்தப் பிளாஸ்டிக்க எல்லாம் ராத்திரிக்குள்ள பிரிச்சுப் போடுன்னாரு. அதோட, உள்ள மனுசங்க நடமாட்டம் தெரியணும், பொதுமக்கள் ஒரு இருபது பேரு வேணும், அதுக்கும் ஏற்பாடு பண்ணுன்னாரு. சரின்னேன்.

பொதுமக்கள் கஷ்டமில்ல. தனபாக்கியம் மகளிர் சுயஉதவிக் குழுவுல தலைவி. நம்ம பூங்காவுக்கு ஒரு நா வந்து நடந்துட்டுப் போங்கன்னு சொன்னேன். எல்லாருக்கும் உள்ள பாக்கணும்னு ஆச இருக்குமா இல்லையா? இருவத்திரெண்டு பேரு, நல்ல சேலையா கட்டிக்கிட்டு, காலையில பத்தரைக்கே வந்துட்டாக.

ஆனா பிளாஸ்டிக்க என்னால பிரிக்க முடியல. கத்திரிய எடுத்துட்டுப் போனேன். ஊஞ்சல் பக்கத்துல போயி நின்னேன். மூணு வருசம் அண்ணே. ஒரு கீறல் இல்ல, ஒரு கை ரேகை இல்ல. இத நான் பிரிச்சுட்டா, வர்றவுகளுக்கு நான் என்னத்தக் காட்டுறது? பழைய சாமானத் தொடச்சு வெச்சிருக்கான்னு நெனைக்க மாட்டாகளா? பிளாஸ்டிக் அப்படியே இருந்தாத்தானே ஒரு மனுசன் எப்படிக் காப்பாத்தியிருக்கான்னு சட்டமன்றத்துக்குத் தெரியும்? கத்திரியப் பையில போட்டுக்கிட்டு வந்துட்டேன். ஈ.ஓ. சாரும் பாத்தா சந்தோசப்படுவாருன்னுதான் நெனச்சேன்.

குழு பதினோரு மணிக்கு வர்றதாப் பேச்சு. பொம்பளைகளுக்கு எல்லாம் சொல்லிக் குடுத்தேன். கோயில் பிரகாரம் சுத்துற மாதிரி ஒரே பக்கமா வரிசையா நடக்கணும். புல்லு மேல கால் வைக்கக் கூடாது. பெஞ்சுல உக்காரக் கூடாது, கவர் கசங்கிரும். யாராவது கேட்டா தெனமும் வர்றோம்னு சொல்லணும். நடக்க ஆரம்பிச்சாக.

பதினொன்னு ஆச்சு, பன்னெண்டு ஆச்சு, ஒன்னாச்சு. குழு பயணியர் மாளிகையில சாப்பாட்டுல இருக்குன்னு சேதி வருது. எந்த நிமிசம் கெளம்பும்னு தெரியாது, அதனால நடைய நிறுத்த முடியல. வெயிலு வேற. ரெண்டு மணிக்குப் பொட்டலச் சோறு வந்துச்சு. பருக்க சிந்திரும்னு கேட்டுக்கு வெளிய நின்னு சாப்பிட வெச்சேன். தனபாக்கியம் ரெண்டு வாய்தான் சாப்பிட்டா. கிட்ட வந்து, ஏங்க, தல சுத்துது, அந்தப் பெஞ்சுல ஒரு அஞ்சு நிமிசம் உக்காந்துக்கிறேனேன்னு கேட்டா. பையில மிட்டாய் வெச்சிருந்தேன், அவளுக்குன்னு எப்பவும் வெச்சிருப்பேன், அதக் குடுத்தேன். குடுத்துட்டு வெளையாட்டா ஒரு வார்த்த சொன்னேன்.

"நடக்கணும் நடக்கணும்னு மூணு வருசமாக் கேட்டேல்ல, இன்னைக்கு ஆச தீர நட."

சும்மா சிரிக்கட்டும்னு சொன்னேன். அவ சிரிக்கல. மிட்டாய வாயில போட்டுக்கிட்டு வரிசையில போயி நின்னுக்கிட்டா.

மூன்றர மணிக்கு நாலு காரு வந்துச்சு. பந்தல்ல நாற்காலி போட்டிருந்தோம், எளநீ சீவி வெச்சிருந்தோம். எல்லாரும் நாற்காலிக்குப் போனாக. ஒரு அம்மா மட்டும் போகல. கடற்கரைப் பக்கத்துத் தொகுதி உறுப்பினரு, ஜெபக்கனின்னு பேரு. அறுபது வயசு இருக்கும், வெள்ளச் சேல, ரப்பர் செருப்பு. அந்த அம்மா பொம்பளைக சுத்துறதக் கொஞ்ச நேரம் நின்னு பாத்துச்சு. எதுக்கு எல்லாரும் நவகிரகம் சுத்துற மாதிரி சுத்துறாகன்னு ஈ.ஓ.கிட்டக் கேட்டுச்சு. ஈ.ஓ. சாரு அப்பத்தான் பிளாஸ்டிக்கப் பாத்தாரு.

அந்த அம்மா நேரா ஊஞ்சலுக்குப் போச்சு. ஊஞ்சலாடி எத்தன வருசமாச்சுன்னு சொல்லிக்கிட்டே உக்காந்துருச்சு. அங்கதான் அண்ணே கெரகம். மூணு வருச வெயில்ல அந்தப் பிளாஸ்டிக்கு அப்பளமாக் காஞ்சிருக்கு, எனக்கு எப்படித் தெரியும், நானே தொட்டதில்லையே. நொறு நொறுன்னு நொறுங்கிருச்சு. எந்திரிச்சா, வெள்ளச் சேல பூராத் தூளு. தட்டத் தட்ட ஒட்டுது.

கோவப்படுவாகன்னு பாத்தா அந்த அம்மா அமைதியா, இது எப்ப வாங்கினதுன்னு கேட்டுச்சு. ஈ.ஓ. சாரு வாயெடுக்குறதுக்குள்ள நான் முன்னால போயிட்டேன். இந்த ஒரு கேள்விக்குத்தானே மூணு வருசமாக் காத்துக் கெடந்தேன். நெஞ்ச நிமித்திச் சொன்னேன்.

"மூணு வருசமாச்சுங்கம்மா. இன்னைக்கு வரைக்கும் ஒரு ஆளு உக்காந்ததில்ல."

பந்தல்ல எளநீ குடிச்சவுக எல்லாம் உறிஞ்சுறத நிறுத்திட்டாக. குழுத் தலைவரு எளநீயக் கீழ வெச்சாரு. அப்பக்கூட எனக்கு உறைக்கல, மெச்சுறாகன்னு நெனச்சேன்.

அந்த அம்மா திரும்பி வரிசையப் பாத்துச்சு. வரிசை நின்னுருச்சு. சரியா அந்த எடத்துல, ஊஞ்சலுக்கு எதுக்க, தனபாக்கியம் நிக்கிறா. நீ தெனமும் இங்க நடக்க வர்றியா தாயின்னு அந்த அம்மா அவகிட்டத்தான் கேட்டுச்சு. நான் பின்னால நின்னு தலைய ஆட்டுறேன், வர்றேன்னு சொல்லு, வர்றேன்னு சொல்லுன்னு.

தனபாக்கியம் என்னையப் பாத்தா. அப்பறம் அந்த அம்மாவப் பாத்துச் சொன்னா.

"இன்னைக்குத்தான்மா மொத தடவ உள்ள விட்டிருக்காக. பத்தரையில இருந்து உக்கார விடாம நடக்க விட்டிருக்காக. பூங்காச் சாவி எங்க வீட்டுலதான் தொங்குது, சாமி படத்துக்குப் பக்கத்துல. எங்க வீட்டுக்காரரு தெனமும் அதுக்கு விபூதி பூசுறாரு. நான் தெனமும் லாரிக்கு நடுவுல நடக்குறேன்."

இருவத்தெட்டு வருசம் எங்கூடக் குடும்பம் நடத்துனவ, அத்தன பேரு முன்னால அவ அவ்வளவு பேசி நான் பாத்ததே இல்ல. கொரல் கூட ஒசத்தல. சாமான் லிஸ்ட் சொல்ற மாதிரி சொல்லிட்டு, நேரா பெஞ்சுக்குப் போயி, கவரோட உக்காந்துட்டா. அவ உக்காந்ததும் இருவத்தோரு பேரும் அங்கங்க உக்காந்துட்டாக. பிளாஸ்டிக் நொறுங்குற சத்தம் பூங்கா பூராக் கேட்டுச்சு. எனக்கு ஒவ்வொன்னும் நெஞ்சுல கேட்டுச்சு.

ஜெபக்கனி அம்மா கைய நீட்டுச்சு. எங்கிட்டத்தான். சாவிய மடியில இருந்து எடுத்துக் குடுத்தேன். அத வாங்கிப் பாத்துட்டு, விபூதியத் தொடச்சுட்டு, தலைவருகிட்டக் குடுத்துச்சு. தலைவரு பக்கத்துல நோட்டோட நின்ன ஆபீசர்கிட்ட ஒரே ஒரு வார்த்த சொன்னாரு. 'நிலுவை.' கேட்டு இருக்கு, சொவரு இருக்கு, ஊஞ்சல் இருக்கு, கல்வெட்டு இருக்கு, நிலுவையாம். மக்கள் பயன்பாட்டுக்குன்னுதான் அவையில சொன்னது, பயன்பாடு எங்கன்னு கேட்டாரு. பயன்பாட்டுலேர்ந்துதானே நான் அதக் காப்பாத்திக்கிட்டு இருந்தேன்.

அப்பறம் அறிக்க வந்துச்சு, பேரவையில வெச்சாக. காலையும் மாலையும் தொறக்கணும், சாவி மகளிர் குழுகிட்ட இருக்கணும், பொறுப்பாளர் மேல தகுந்த நடவடிக்க எடுக்கணும். பொறுப்பாளர்ன்னா நான்தான், எம் பேரப் போடல. ஈ.ஓ. சாருக்கும் ஒரு மெமோ. எனக்கு இந்த டிரான்ஸ்பரு. மாத்திப் போட்ட ஊருல பொறப்பு எறப்புச் சான்றிதழ் சீட்டுல உக்கார வெச்சிருக்காக. பீரோ சாவியக் கூடக் கையில குடுக்க மாட்டேங்கிறாக.

ஆனா அறிக்கையில என்னையப் பத்தி நல்லாவும் எழுதியிருக்காக, அத எவனும் சொல்ல மாட்டேங்கிறான். இருங்க, பையில வெச்சிருக்கேன். இந்தாங்க. லேமினேட் பண்ணி வெச்சிருக்கேன், பயப்படாமத் தொடுங்க. இந்த வரியப் படிங்க. 'பூங்காவிலுள்ள உபகரணங்கள் யாவும் புதுநிலை மாறாமல் பராமரிக்கப்பட்டிருப்பதைக் குழு கண்டது.' கண்டதுன்னு போட்டிருக்கா? சட்டமன்றம் கண்டிருக்கு. அதுக்குக் கீழ என்னமோ 'எனினும்'னு ஆரம்பிச்சு நாலு வரி இருக்கு, அத விடுங்க. எழுத்து சின்னது, பஸ்ஸுல படிச்சா கண்ணு வலிக்கும்.

வந்துட்டாரு டிரைவரு. எந்த ராசின்னு தெரியல, மொகம் நல்லாத்தான் இருக்கு.

வீட்டுல என்ன ஆச்சுன்னு கேக்குறீங்களா? சண்டையெல்லாம் இல்ல. அன்னைக்குச் சாயங்காலம் அவ வீட்டுக்கு வந்ததும் கத்திரிய எடுத்தா. என் பையில இருந்தே எடுத்தா. சோபாக் கவரச் சரசரன்னு கிழிச்சு மடிச்சு வாசல்ல போட்டுட்டு, அதுல உக்காந்து கால நீட்டிக்கிட்டா. ஒம்போது வருசத்துல அந்தச் சோபா பச்சைங்கிறதே எனக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சுச்சு. ஒக்காருங்கன்னா. நான் நின்னுக்கிட்டேதான் காப்பி குடிச்சேன்.

சாவி இப்பவும் அதே ஆணியிலதான் தொங்குது. ஆனா இப்ப அது மகளிர் குழுச் சாவி. காலையில அஞ்சு மணிக்கு அவ எடுத்துட்டுப் போயிருவா. ஒருநா பழக்கத்துல விபூதி பூசப் போனேன், அது எங்க குழுச் சாவிங்கன்னு சொல்லிட்டா. கைய எடுத்துட்டேன்.

பூங்காவுக்கு நான் போகல. மூணு மாசமாச்சு, காலடி எடுத்து வைக்கல. ஞாயித்துக்கெழம வாங்களேன்னு அவ கூப்பிட்டா, மழைன்னோ வெயிலுன்னோ ஏதாவது சொல்லிருவேன். வெக்கமா இருக்கு அண்ணே. கேட்டுக்கு உள்பக்கம் நின்னுக்கிட்டு நாளைக்கு வாங்க, குழு வந்துட்டுப் போகட்டும்னு சொன்ன ஆளு. இப்ப நான் கேட்டுக்கு வெளிய நின்னா எவனாவது அதையே திருப்பிச் சொல்லுவானேன்னு இருக்கு. தனபாக்கியத்துக்குச் சர்க்கர எறங்கியிருக்கு. டாக்டரு ஊசி வேண்டாம்னுட்டாரு. அத எங்கிட்டச் சொல்றப்ப அவ கண்ணு கலங்கிருச்சு. நான் நல்லதுன்னு மட்டும் சொல்லிட்டு வெளிய வந்து நின்னுக்கிட்டேன். மூணு வருசத்துக்கு முன்னாலயே எறங்கியிருக்குமோன்னு ஒரு நெனப்பு வந்துச்சு. அந்த நெனப்ப மட்டும் எதுலயும் சுத்தி வைக்க முடியல.

போன மாசம் ஒருநா சோறு போட்டுக்கிட்டே சொன்னா.

"ரெண்டு ஊஞ்சல்ல ஒன்ன மட்டும் பிரிக்காம வெச்சிருக்கேன். யாரையும் உக்கார விடல. நீங்க வந்து பிரிச்சு உக்காந்தா உக்காருங்க, இல்லைன்னா அது பாட்டுக்குக் கெடக்கட்டும்."

நான் ரசம் ஊத்தச் சொன்னேன்.

அதுக்குத்தான் ஜன்னலு. பஸ்ஸு ஒசரத்துக்குச் சொவரு தாண்டி உள்ள தெரியும். தெனமும் பாத்துக்கிட்டே போவேன், ஊஞ்சல்ல பிளாஸ்டிக் இருக்கான்னு. இருந்துச்சுன்னா அன்னைக்குப் பூரா வேல ஓடிரும். இந்தா, வளைவு வந்துருச்சு. கொஞ்சம் குனிஞ்சுக்கங்க, நீங்களும் பாக்கலாம்.

அந்தா பாருங்க, எப்படி நடக்குறாக. ஒருத்தி அங்கிட்டுப் போறா, ஒருத்தி இங்கிட்டு வர்றா, ஒரு ஒழுங்கு இருக்கா? புல்லு மேல ரெண்டு பேரு படுத்தே கெடக்காக. அந்த அரக்குச் சேலதான் தனபாக்கியம். ஊஞ்சல்ல, செருப்போட. கால எப்படி ஒதைச்சு ஆடுறா பாருங்க, அம்பத்தோரு வயசு.

பக்கத்து ஊஞ்சல். இருக்கு. பிளாஸ்டிக் இருக்கு. ஆனா ஓரத்துல படபடன்னு அடிக்குது, பாத்தீங்களா? நேத்து அப்படி இல்ல. யாரு கிழிச்சது? இல்ல இல்ல, கிழிக்கல. வெயிலு. அதுவாக் காஞ்சு விட்டிருக்கு. பாதிதான் மிச்சம் இருக்கு.

தாண்டிருச்சு.

அண்ணே, இன்னைக்கு என்ன கெழம, வியாழனா? அப்ப இன்னும் மூணு நாளு. இந்த ஞாயித்துக்கெழம போயிர வேண்டியதுதான். முழுசா உதுந்து போச்சுன்னா அப்பறம் நான் போயி என்னத்தப் பிரிக்கிறது? அரசாங்கச் சாமானு அண்ணே, அதப் பிரிக்கிறதுக்குன்னு ஒரு மொற இருக்கு, யாராவது பொறுப்பா பக்கத்துல நிக்கணும். கத்திரிய அவ வீட்டுல எங்க வெச்சாளோ தெரியல. அவகிட்டயே கேட்டுக்கிறேன்.

வாங்கண்ணே, எந்திரிக்கிறேன். ஜன்னலு ஒங்களுது.